புதியவர்க்கென ஒதுக்கிய பிழை

நண்பரே, உங்களிடம் ஒன்று கேட்கலாமா? உங்கள் கையாலேயே எளிதாக நீக்கிவிடக்கூடிய ஒருவருடைய துன்பத்தை, அதனால் வேறு யாருக்கோ நன்மை விளையும் என்று எண்ணி நீங்கள் நீக்காமல் வைத்திருந்தது உண்டா? கோபத்தாலோ சோம்பலாலோ அல்ல, நல்லெண்ணத்தால்?

யோசித்துச் சொல்லுங்கள். முன்பின் தெரியாதவன் ரயிலில் இப்படிக் கேட்கிறானே என்று நினைப்பீர்கள். விழுப்புரத்தில் நீங்கள் ஏறிக் கணினியைத் திறந்ததிலிருந்து நான் உங்கள் திரையைப் பார்த்துக்கொண்டே வருகிறேன். அது தவறு. அடுத்தவர் திரையைப் பார்ப்பது அவர் சட்டைப் பையில் கைவிடுவதற்குச் சமம் என்று நானே ஒரு கூட்டத்தில் பேசியிருக்கிறேன். ஆனாலும் பார்த்தேன். உங்கள் கோட் எடிட்டரின் வலப்பக்கத்தில் ஒரு சிறு பகுதியை வடிவமைத்துக்கொண்டிருக்கிறீர்கள் அல்லவா? அதிலுள்ள பட்டனின் மூலையைக் கவனியுங்கள். முழு வளைவும் இல்லை, முழுக் கூர்மையும் இல்லை. அந்த மூலைக்காக நானும் இன்னொருவரும் ஒரு வாரம் பேசாமல் இருந்தோம். நீங்கள் பயன்படுத்துவது பலகணி. அந்த நிரல் லைப்ரரியைப் பராமரிப்பவன் நான். என் பெயர் அறவாழி.

கை கொடுக்கிறீர்கள். நன்றி. ஆனால் நான் சொல்லப்போவதைக் கேட்ட பிறகு கொடுங்கள்.

உங்களுக்குத் தெரிந்ததையே அடிப்படையிலிருந்து சொல்வது என் வழக்கம், பொறுத்துக்கொள்ளுங்கள். நிரல் எழுதுகிறவர்கள் நாள் முழுவதும் எடிட்டருக்குள் வாழ்கிறார்கள். ஒவ்வொரு அலுவலகமும் தன் வேலைக்கேற்ப அதனோடு ஒரு எக்ஸ்டென்ஷனைச் சேர்த்துக்கொள்கிறது. எந்த எக்ஸ்டென்ஷனாக இருந்தாலும் அதற்குப் பட்டன் வேண்டும், எழுதும் பெட்டி வேண்டும், பலவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க டிராப்டவுன் வேண்டும். இவற்றை ஒவ்வொருவரும் புதிதாகச் செய்யத் தேவையில்லை என்றுதான் பலகணியை உருவாக்கினோம். வீடு கட்டுகிறவர் தாழ்ப்பாளைத் தாமே வார்ப்பதில்லை, கடையில் வாங்கிப் பொருத்துகிறார். நாங்கள் அந்தத் தாழ்ப்பாள்களைச் செய்து இலவசமாகக் கொடுக்கிறோம். எந்த ஊரில் எந்தக் கதவில் அது ஏறுகிறது, அந்தக் கதவுக்குப் பின்னால் யார் நிற்கிறார் என்பது வார்த்தவனுக்குத் தெரிவதில்லை. தெரியாதது குற்றமா என்று நீங்கள் கேட்கலாம். தெரிந்த பிறகு என்ன செய்தான் என்று கேளுங்கள்.

நாங்கள் என்றால் நானும் ஜெபசீலியும். அவர் தூத்துக்குடிக்காரர். பகலில் ஒரு கப்பல் நிறுவனத்தில் வேலை, மற்ற நேரத்தில் பலகணி. நிரலில் பெரும்பகுதி அவர் எழுதியது. நான் எழுதியது விதிகள். பிறர் அனுப்பும் திருத்தங்களைப் படித்து, ஏற்பதா திருப்பி அனுப்புவதா என்று முடிவு செய்வதும் நானே. 'அண்ணாச்சி, நீங்க ஒரு வரி நிரல் எழுதுனா ஒன்பது வரி உபதேசம் எழுதுதீங்க' என்பார். நான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

அந்த விதிகளுள் ஒன்று எனக்கு மிகப் பிடித்தது. இத்தகைய லைப்ரரிகளை நடத்துகிறவர்களிடம் ஒரு நல்ல பழக்கம் உண்டு, நீங்களும் கண்டிருப்பீர்கள். சிறிய, எளிய பிழைகள் சிலவற்றைத் தாங்களே திருத்தாமல், ஒரு பச்சை லேபிள் ஒட்டி, புதிதாக வருகிறவர்களுக்கென ஒதுக்கி வைப்பார்கள். முதன்முதலில் ஒரு பொதுப் பணியில் கைவைக்க அஞ்சுகிறவர்க்கு அது வாசற்படி. நான் அந்தப் பழக்கத்தை விதியாக்கினேன். 'புதியவர்க்கு' என்று லேபிள் ஒட்டிய பிழையைப் பராமரிப்பவர் தொடலாகாது. ஜெபசீலியும் தொடலாகாது, நானும் தொடலாகாது.

இதை விளக்க ஒரு கதை வைத்திருந்தேன். கல்லூரி கல்லூரியாகச் சென்று சொல்லியிருக்கிறேன். ஒரு தச்சர் ஓடைக்குக் குறுக்கே மரப்பாலம் அமைத்தார். எல்லாப் பலகைகளையும் பொருத்தியவர், நடுவில் ஒரே ஒரு பலகைக்கான இடத்தை வெறுமையாக விட்டார். ஏன் என்று ஊரார் கேட்டார்கள். தச்சர் சொன்னார்: நாளை ஓர் இளைஞன் தொழில் கற்க வருவான், அவனுடைய முதல் பலகைக்கு இது இடம், அன்று அவன் இந்தப் பாலத்தைத் தானும் கட்டியதாக நெஞ்சு நிமிர்த்திச் சொல்வான். இந்த இடத்தில் நான் சற்று நிறுத்துவேன். கைதட்டல் வரும். தவறாமல் வரும்.

இப்போது அந்தப் பிழைக்கு வருகிறேன். எங்கள் டிராப்டவுனில் ஒரு குறை இருந்தது. மவுஸ் பிடிப்பவர்க்கு அது கண்ணிலேயே படாது. விசைப்பலகையை மட்டும் கொண்டு வேலை செய்பவர் அதற்குள் போய்விடலாம், பட்டியல் திறக்கும், அம்புக்குறி மேலும் கீழும் நகரும். ஆனால் தேர்ந்தெடுக்கவும் முடியாது, வெளியே வரவும் முடியாது. எந்த விசையை அழுத்தினாலும் அதே பெட்டிக்குள் சுற்றும். யாராவது வந்து மவுஸால் ஒரு முறை தட்டினால்தான் விடுதலை.

அதை எங்களுக்கு எழுதித் தெரிவித்தவர் பெயர் செண்பகவல்லி. எந்தச் சூழலில் நிகழ்கிறது, எந்த விசைக்குப் பிறகு நிகழ்கிறது, என்ன நிகழ்ந்திருக்க வேண்டும் என்று முறையாக எழுதியிருந்தார். அவ்வளவு செம்மையான பிழைக்குறிப்பை நான் அதுவரை பார்த்ததில்லை. சிறிய பிழை, தெளிவான குறிப்பு. புதியவர்க்கு இதைவிடப் பொருத்தமானது எது? பச்சை லேபிளை நானே ஒட்டினேன். அத்தோடு நிற்கவில்லை. ஒரு பிழையை எப்படித் தெரிவிக்க வேண்டும் என்பதற்கு எடுத்துக்காட்டாக அதை என் உரைக்கான படங்களில் சேர்த்துக்கொண்டேன். அவர் பெயரையும் போட்டேன். உரிய சிறப்பை உரியவர்க்குத் தர வேண்டும் அல்லவா?

திருத்தங்கள் வராமல் இல்லை, நண்பரே. வந்தன. முதலில் ஒரு மாணவர் அனுப்பினார். வரிகள் சரியாகவே இருந்தன, ஆனால் அவை ஒழுங்காக இயங்குகின்றனவா என்று பார்க்கும் சோதனை நிரலை எழுதவில்லை. திருப்பி அனுப்பினேன். அடுத்து ஒருவர் சோதனையோடு அனுப்பினார். என்ன செய்தார் என்ற விளக்கக் குறிப்பில் 'சரி செய்தேன்' என்று மட்டும் இருந்தது. எதை, ஏன், எவ்வாறு என்று மூன்று கேள்விகள் கேட்டு எழுதினேன். அவர் திரும்பவில்லை. பெரம்பலூரிலிருந்து ஒரு மாணவி எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்து அனுப்பினார். ஆனால் போகிற போக்கில் வேறொரு கோப்பில் இருந்த ஓர் எழுத்துப் பிழையையும் சேர்த்துத் திருத்திவிட்டார். ஒரு திருத்தத்தில் ஒரு செயல்தான் இருக்க வேண்டும், இரண்டாகப் பிரித்து அனுப்புங்கள் என்றேன். தேர்வு நேரம் என்று எழுதினார். பிறகு ஒன்றும் வரவில்லை. மூவருமே என்னிடமிருந்து ஏதோ ஒன்றைக் கற்றுக்கொண்டு சென்றிருப்பார்கள் என்று நம்புகிறேன்.

ஆடி மாதத்தில் மதுரையில் ஒரு கூட்டம். நான் பேசினேன். தச்சர் கதையைச் சொன்னேன். செண்பகவல்லியின் பிழைக்குறிப்பைத் திரையில் காட்டி, பாருங்கள், இப்படி எழுத வேண்டும் என்றேன். கைதட்டல் அடங்கியபோது பின் வரிசையில் ஒரு பெண் எழுந்தார். அருகில் இருந்தவர் அவருக்காக மைக்கைப் பிடித்துக்கொண்டார். அது ஏன் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

"சார், ஒரு சந்தேகம். அந்தப் பலகையைப் போடுற வரைக்கும், பாலத்து மேல யாராவது நடந்தாங்களா?"

அரங்கம் சிரித்தது. நானும் சிரித்தேன். நல்ல கேள்வி என்று தொடங்கி, எந்தப் பொதுப் பணியும் முழுமையடையாமலேதான் மக்களுக்குத் திறக்கப்படுகிறது என்றும், பயன்படுத்துவோரின் பொறுமைதான் படைப்போரின் பள்ளிக்கூடம் என்றும் சொன்னேன். அதற்கும் கைதட்டினார்கள். அவர் மட்டும் தட்டவில்லை. தட்ட முடியாது என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

தேநீர் இடைவேளையில் அவரே வந்து, திரையில் நீங்கள் காட்டிய பெயர் என்னுடையதுதான் என்றார். முடக்குவாதத்தால் இரு கைகளிலும் விரல்கள் உள்நோக்கி மடங்கியிருந்தன. மவுஸைப் பிடிக்க இயலாது. மடங்கிய கைக்குள் ஒரு பென்சிலைச் செருகிக்கொண்டு அதன் மறுமுனையால் விசைகளைத் தட்டி நிரல் எழுதுகிறார். கோவில்பட்டிப் பெண். மதுரையில் ஒரு நிறுவனத்தில் அப்போதுதான் சேர்ந்திருந்தார், தகுதிகாண் பருவம். அந்த நிறுவனம் தன் எக்ஸ்டென்ஷனைப் பலகணியைக் கொண்டுதான் கட்டியிருந்தது. எழுதி முடித்த வேலையை அனுப்புவதற்கு, எந்த சர்வருக்கு என்பதை அதிலுள்ள டிராப்டவுனில் தேர்ந்தெடுக்க வேண்டும். அதாவது, காலையிலிருந்து அவர் எழுதியது எவ்வளவு சிறப்பாக இருந்தாலும் அந்தப் பெட்டிக்குள் போய்ச் சிக்கி நின்றுவிடும். பக்கத்து இருக்கையில் குமரகுரு என்று ஒருவர். ஒவ்வொரு முறையும் அவரைத்தான் அழைக்க வேண்டியிருந்தது.

"'குமரகுரு, ஒரு கிளிக்'னு கூப்பிட்டுக் கூப்பிட்டு, ஆபீஸ்ல எனக்குப் பேரே 'ஒரு கிளிக்'னு ஆயிருச்சு சார். பாவம், நல்ல மனுஷன். ஆனா இப்பல்லாம் நான் வாயத் திறந்தாலே ஹெட்போனை எடுத்து மாட்டிக்கிறாரு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அந்தச் சிரிப்பைக் கேட்டு நானும் சிரித்துவிட்டேன். விரைவில் பார்க்கிறேன் என்று சொல்லி, விடைபெறும்போது பழக்கத்தில் கையை நீட்டிவிட்டேன். அவர் மணிக்கட்டை என் கைமேல் வைத்தார்.

அன்றிலிருந்து என் மனம் ஒரு நிலையில் இல்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும். குற்றவுணர்வு என்பது என்ன என்று அந்த வாரம்தான் நான் அறிந்தேன். அடுத்த ஞாயிறு முழுவதும் உட்கார்ந்து, விசைப்பலகையை மட்டுமே நம்பி வாழ்வோரைப் பற்றி நீண்ட கட்டுரை ஒன்று எழுதினேன். எழுதும்போதே கண் கலங்கியது. பலகணியின் முகப்பில் வெளியிட்டேன். பலரும் பகிர்ந்தார்கள். வெளிநாட்டிலிருந்தெல்லாம் பாராட்டி எழுதினார்கள். நெஞ்சிலிருந்த பாரம் ஓரளவு குறைந்தது.

ஜெபசீலி தொலைபேசியில் அழைத்தார். கட்டுரையைப் படித்தேன், நல்லா இருக்கு என்றார். இதை எழுதிய நேரத்தில் அந்தப் பிழையை எத்தனை முறை திருத்தியிருக்கலாம் என்றும் கேட்டார். அது வேறு, இது வேறு என்றேன். அந்தப் பிழைக்குப் பச்சை லேபிள் இருக்கிறது, கரூரில் ஒரு கல்லூரி மாணவர்களுக்கு அதை ஒதுக்குவதாக வாக்களித்திருக்கிறேன், கொடுத்த வாக்கை மீறுவது அறமாகுமா என்றேன். அப்போதுதான் அவர் அதைச் சொன்னார்.

"ஒரு பொம்பளப் பிள்ள வெளிய வர முடியாம உள்ள நிக்கா. நீங்க சாவிய கையில வச்சுக்கிட்டு, பூட்டு திறக்கது எப்படின்னு வகுப்பு எடுக்கீங்க. நல்லா இருக்கு அண்ணாச்சி ஒங்க அறம்."

கடுஞ்சொல். ஆயினும் பொறுத்துக்கொண்டேன். பொறுமை எனக்கு இயல்பு.

கரூர் மாணவர்கள் வந்தபாடில்லை. ஒரு நாள் ஜெபசீலி என்னிடம் சொல்லாமலே அந்தப் பிழையைத் திருத்தி, புதிய வெளியீட்டையும் அனுப்பிவிட்டார். நான்கே வரிகள். மறுநாள் காலையில் பார்க்கிறேன், பச்சை லேபிள் ஒட்டிய பிழை 'முடிந்தது' என்று மூடப்பட்டிருக்கிறது. எனக்கு எப்படி இருந்திருக்கும்? என்னிடம் ஒரு சொல் கேட்டிருக்கலாம். நான் வகுத்த விதியை என் சொந்தக் கூட்டாளியே மீறினால், வெளியில் இருப்பவர் எதை மதிப்பார்? கரூர் மாணவர்கள் வந்து, எங்களுக்கு என்று சொன்னீர்களே, எங்கே என்று கேட்டால் என்ன சொல்வேன்? சினத்தோடு செய்யவில்லை, நண்பரே. நிதானமாக, காரணங்களை முறையாக எழுதிவிட்டு, அந்த நான்கு வரிகளை நீக்கினேன். பிழையை அது இருந்த இடத்திலேயே மீண்டும் வைத்தேன்.

ஆம். சரியாகத்தான் கேட்டீர்கள். திருத்திய பிழையை எடுத்து மீண்டும் உள்ளே வைத்தேன்.

அன்று பகலில் செண்பகவல்லி அழைத்தார். அவர்கள் நிறுவனத்தில் நாள்தோறும் மாலை ஆறு மணிக்கு அந்த எக்ஸ்டென்ஷனைப் புதிதாகக் கட்டுவார்கள், அப்போது பலகணியின் அண்மை வெளியீடு தானாகவே அதில் சேர்ந்துவிடும். முந்தைய மாலை ஜெபசீலியின் திருத்தம் சேர்ந்திருக்கிறது.

"சார், இன்னைக்குக் காலையிலேர்ந்து குமரகுருவ நான் கூப்பிடவே இல்ல. அவரா வந்து, 'என்ன, எம்மேல கோவமா?'ன்னு கேட்டுட்டுப் போறாரு. நானே திறந்து, நானே தேர்ந்தெடுத்து, நானே அனுப்பினேன் சார். நீங்க மறந்திருப்பீங்கன்னு நெனச்சேன். ரொம்ப நன்றி."

மிக்க மகிழ்ச்சி என்றேன். வேறு என்ன சொல்வது? நான் அதை நீக்கி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை என்றா? அவர் குரலில் அப்படி ஒரு துள்ளல். அதைக் கெடுக்க மனம் வரவில்லை. நன்றியையும் பெற்றுக்கொண்டேன், ஜெபசீலிக்கு உரியதை. மாலை ஆறு மணிக்கு இன்னும் நேரம் இருந்தது. மறைக்காமல் சொல்கிறேன். உட்கார்ந்தால் முடிந்துவிடும் வேலை. கைப்பேசியை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு, விதிகளில் ஒரு திருத்தம் கொண்டுவரலாமா, அதற்குப் பராமரிப்பவர் இருவரின் ஒப்புதலும் வேண்டுமா என்று சிந்தித்துக்கொண்டிருந்தேன். ஆறு மணி கடந்தது.

மறுநாள் செண்பகவல்லி அழைக்கவில்லை. ஜெபசீலி அழைத்தார். சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தேன், போடவில்லை. 'என் பேர எடுத்துருங்க அண்ணாச்சி, எனக்கு வேற வேல இருக்கு' என்றார். எவ்வளவோ எழுதியிருந்தும், தன் அம்மாவிடம் காட்டிப் பெருமைப்பட்டது அந்த நாலு வரியைத்தான் என்றும் சொன்னார். வைத்துவிட்டார். அந்தப் பட்டன் மூலைக்காகச் சண்டையிட்டபோது ஒரு வாரத்தில் பேசிவிட்டோம். இம்முறை ஒரு மாதம் ஆகிறது.

ஆக, பலகணியில் இப்போது எதையும் ஏற்கவோ மறுக்கவோ உரிமையுள்ளவன் நான் ஒருவனே.

இன்று காலை தாம்பரத்தில் ரயிலுக்கு நின்றபோது செண்பகவல்லி மீண்டும் அழைத்தார். அந்த உரையாடலை அப்படியே சொல்கிறேன், ஏனெனில் அதன் பிறகு நான் எதையும் சாப்பிடவில்லை.

"தொந்தரவுக்கு மன்னிச்சுக்கோங்க சார். அந்த டிராப்டவுன் ஒரே நாள்தான் வேலை செஞ்சுது, மறுபடி பழையபடி ஆயிருச்சு. எங்க பக்கம் நான் ஏதாவது தப்பா மாத்திட்டேனா?"

இல்லை, உங்கள் பக்கம் தவறு எதுவும் இல்லை என்றேன். அது உண்மை. உண்மையைத்தான் சொன்னேன்.

"அப்ப சரி சார். நாளைக்குக் காலையில எனக்கு ரிவ்யூ. வேலைய நிரந்தரம் பண்றதா வேண்டாமான்னு முடிவு பண்றாங்க. அவங்க முன்னால உக்காந்து ஒரு வேலைய முழுசா நானா எழுதி, நானா அனுப்பிக் காட்டணும். குமரகுரு பக்கத்துல நிக்கக் கூடாதுன்னுட்டாங்க. எதுக்கும் ஒரு வார்த்த கேட்டுக்கலாம்னுதான்."

பார்க்கிறேன் என்றேன். ஆடி மாதத்திலும் அதே சொல்லைத்தான் சொன்னேன் என்பது ரயில் ஏறிய பிறகு நினைவுக்கு வந்தது.

நான் எங்கே போகிறேன் என்று கேட்கவில்லையே நீங்கள். மதுரைக்குத்தான். நாளை அங்கே ஒரு பொறியியல் கல்லூரியில் உரை. பிறர்க்கு இடம்விடுதல் என்பது தலைப்பு. அதில் ஒரு புதுமை செய்ய எண்ணியிருந்தேன். உரையின் நடுவில் ஒரு மாணவியை மேடைக்கு அழைத்து, எல்லோரும் பார்க்க அந்தப் பிழையை அவர் கையாலேயே திருத்த வைப்பது. அரங்கமே எழுந்து நிற்கும். செண்பகவல்லிக்கும் விடிவு, ஒரு மாணவிக்கும் தொடக்கம், என் விதிக்கும் பழுதில்லை. தாம்பரத்திலிருந்து இந்த எண்ணம்தான் என்னைத் தாங்கிக்கொண்டு வந்தது. திருச்சியில் நீங்கள் காபி வாங்கினீர்களே, அந்த நேரத்தில்தான் எனக்கு உறைத்தது. என் உரை நாளை பிற்பகல். அவருடைய ரிவ்யூ காலையில். அதற்கு முன் இன்று மாலை ஆறு மணிக் கட்டுமானத்தில் சேராத எதுவும் அவருக்கு உதவாது.

உடனே உங்களைப் பார்த்தேன். எடிட்டர் திறந்திருக்கிறது. பலகணியின் நிரல் உங்கள் கணினியிலேயே இருக்கிறது. எங்களுக்கு இதுவரை நீங்கள் எதையும் அனுப்பியதில்லை. ஆகவே விதிப்படி நீங்கள் புதியவர். அதனால்தான் அந்தக் கேள்வியோடு தொடங்கினேன்.

என்ன கேட்கிறீர்கள்? நீங்களே செய்யலாமே என்கிறீர்கள். நியாயமான கேள்வி. என் கணினி மேலே அந்த நீலப் பையில்தான் இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. அதில் நாளைய உரைக்கான படங்கள் இருக்கின்றன. செண்பகவல்லியின் பிழைக்குறிப்பும் அதில் ஒரு படம், இன்னும் எடுக்கவில்லை. நான் செய்யலாம். ஆனால் நண்பரே, ஜெபசீலி செய்ததை விதி என்று சொல்லி நீக்கியவன் நான். அதே விதியை இன்று நானே மீறினால், அன்று நான் நீக்கியது எதற்காக என்று ஆகிவிடாதா? அந்தக் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. விடை இல்லாத கேள்வியைத் தவிர்ப்பதற்காக ஒரு பெண்ணின் வேலையைப் பணயம் வைக்கிறேன் என்று உங்கள் முகம் சொல்கிறது. சொல்லட்டும். நான் சொல்ல முடியாததை யாராவது சொல்லத்தான் வேண்டும்.

ஒன்று மட்டும் கேளுங்கள், இது உபதேசம் அல்ல. பிறர் கற்றுக்கொள்ளட்டும் என்று நீங்கள் ஓர் இடத்தை விட்டுவைத்தால், முதலில் அந்த இடத்தில் குனிந்து கீழே பாருங்கள். அங்கே யாராவது தொங்கிக்கொண்டிருக்கிறார்களா என்று பாருங்கள். என் தச்சர் ஒருநாளும் பார்க்கவில்லை. அத்தனை கல்லூரிகளில் அந்தக் கதையைச் சொன்னேன், அவர் ஒரு முறையாவது குனிந்து பார்த்ததாக எனக்குச் சொல்லத் தோன்றவே இல்லை. செண்பகவல்லி கேட்டபோதும் நான் கைதட்டலைத்தான் பார்த்தேன்.

பொறுங்கள். கைப்பேசி அதிர்கிறது.

பலகணிக்கு ஒரு திருத்தம் வந்திருக்கிறது. இந்நேரத்தில் யார்? கரூர் மாணவர்களாக இருக்குமோ?

நீங்களா? நான் பேசிக்கொண்டு வந்தபோது அவ்வப்போது தட்டிக்கொண்டிருந்தீர்களே, உங்கள் வேலையைச் செய்கிறீர்கள் என்றல்லவா நினைத்தேன். சற்றே மனவருத்தம்கூட எனக்கு, கவனிக்காமல் இருக்கிறீர்களே என்று.

பார்க்கிறேன். ஜெபசீலியின் நான்கு வரிகள். நான் நீக்கியதைத் தேடி எடுத்து, இருந்த இடத்திலேயே வைத்திருக்கிறீர்கள். எழுதியவர் பெயர் ஜெபசீலி என்றே இருக்கிறது. உங்கள் பெயரை எங்கும் பெரிதாகக் காணோம். நன்று. மிக நன்று. நான் ஏற்றுக்கொண்டால் போதும், வெளியீடு தானாகவே போய்விடும். ஆறு மணிக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

ஆனால் ஒன்று. சோதனைக் கோப்பைக் காணவில்லையே? விளக்கக் குறிப்பில் 'மீண்டும் சேர்க்கப்பட்டது' என்று மட்டும் இருக்கிறது. எது, ஏன் என்று ஒரு வரி எழுதியிருந்தால்... பெரிய குறை அல்ல, ஆயினும் பின்னால் படிப்பவர்க்கு...

பார்த்தீர்களா, நண்பரே. என் விரல் தானாகவே மறுமொழிப் பெட்டிக்குப் போய்விட்டது. பெரம்பலூர் மாணவிக்கும் இப்படித்தான் போனது.

இந்தாருங்கள், இந்தக் கைப்பேசியை என் கையிலிருந்து வாங்குங்கள். கீழே, ஏற்றுக்கொள்வதற்கான பச்சைப் பட்டன் இருக்கிறது. நான் இரண்டாம் முறை படிப்பதற்குள் நீங்களே அதை அழுத்துங்கள். அழுத்தலாமா என்று என்னைக் கேட்காதீர்கள். நான் ஏதாவது காரணம் சொல்லத் தொடங்கினால் காதில் வாங்காதீர்கள், நான் சொல்லும் காரணம் எப்போதும் நன்றாகவே இருக்கும். அதோ திண்டுக்கல் வருகிறது. நீங்கள் இறங்கிவிட்டால் இந்தக் கைப்பேசியோடு நான் தனியாக இருப்பேன். நாளைக்கு என்று வைக்க வேண்டாம். இன்றே, வண்டி நிற்பதற்குள் அழுத்திவிடுங்கள்.